ஒன்பதாவது படுக்கையின் 120/80

ஒன்பதாவது படுக்கையில் ஆள் இல்லை. முந்தைய நாள் மாலையே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் கட்டிலில் தொங்கிய சார்ட்டில், அன்று காலை ஆறு மணிக்கு அவருடைய ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதியிருந்தது.

நான் அப்போது மூன்றாம் ஆண்டு மாணவன். ரவுண்ட்ஸ் தொடங்க நேரம் இருந்ததால் ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 120/80. 120/80. 130/80. 110/70. மறுபடி 120/80. பக்கத்தில் நின்ற நண்பனிடம் காட்டினேன். “எல்லாருக்கும் பி.பி. கரெக்டா இருக்கு, அப்புறம் எதுக்குடா அட்மிட் ஆகியிருக்காங்க?” என்றான். சிரித்தோம். ரவுண்ட்ஸ் தொடங்கியது, மறந்துபோனோம்.

எங்கள் வகுப்பு முழுக்க அந்த வருடம் ஆராய்ச்சிக் காய்ச்சல் பிடித்து அலைந்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் போட்ட கட்டுரை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சீனியர்கள் கிளப்பிவிட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தலைப்பு எழுதிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனோம். ‘சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வருவதற்கான காரணிகள்’. அவர் தாளை வாங்கிப் படித்தார். “அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம்னு ஒரு ஊர் இருக்கு. 1948-ல ஐயாயிரத்துச் சொச்சம் பேரை வெச்சு ஏறக்குறைய இதே கேள்வியை ஆரம்பிச்சாங்க. இப்போ பேரன் பேத்திகளையும் சேர்த்துக்கிட்டு இன்னும் நடத்திட்டு இருக்காங்க. உங்ககிட்ட எவ்வளவு நாள் இருக்கு?” என்று கேட்டார்.

ஒன்பது மாதம். அதில் இரண்டு மாதம் தேர்வுக்குப் போய்விடும்.

“சரி, வார்டுல உங்களை உறுத்தற விஷயம் ஏதாவது இருக்கா?” என்றார். யாரும் பேசவில்லை. சங்கடத்தைக் கலைக்க நண்பன் ஒன்பதாவது படுக்கைக் கதையை ஜோக்காகச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘கடைசி இலக்கம்?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒரு கதையும் சொன்னார். 1835-ல் லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் ஜேம்ஸ் பேஜட் என்ற முதலாண்டு மாணவர், பிணவறையில் ஓர் உடலின் தசையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளைப் பார்த்தார். அவருக்கு முன்பே பலர் அவற்றைப் பார்த்தவர்கள்தான். கத்திமுனையை மழுங்கடிக்கும் ஏதோ எலும்புத் துணுக்கு என்று விட்டுவிட்டார்கள். பேஜட் குனிந்து உற்றுப் பார்த்தார். கையில் மைக்ராஸ்கோப் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரௌனிடம் போய் அவருடைய கருவியில் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு புழு சுருண்டு கிடந்தது. இன்று நாம் டிரைக்கினெல்லா என்று படிக்கும் புழு. 21 வயதுப் பையனுக்கு அது எப்படிக் கண்ணில் பட்டது? அனுபவசாலிகளுக்கு அது பழகிப்போயிருந்தது, அவனுக்கு இன்னும் பழகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வியைச் சின்னதாக்குவதற்கே எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. இப்போது என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஆய்வின் முடிவை வைக்கப்போகும் அட்டவணையை, எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக இப்போதே வரைந்து காட்ட முடியுமா? வரைய முடிந்தால் கேள்வி தயார். ‘காரணிகள்’, ‘தாக்கம்’, ‘பங்கு’ போன்ற சொற்கள் தலைப்பில் இருந்தால் அநேகமாக வரைய வராது. எங்கள் அட்டவணைக்கு ஐந்தே கட்டங்கள்: 0, 2, 4, 6, 8.

ஏன் ஐந்து? பாதரச பி.பி. கருவியில் கோடுகள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஒழுங்காகப் பார்த்து எழுதினால் கடைசி இலக்கம் இரட்டைப்படையில்தான் வரும். நிறையப் பேருக்கு எடுத்தால் ஐந்து இலக்கங்களும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீதம் விழ வேண்டும். பூஜ்யம் மட்டும் குவிந்தால், யாரோ கண்ணாலோ கையாலோ எண்ணை உருட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உருட்டினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. 140/90-ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கும் இடத்தில், 136 வந்த ஒருவருக்கு 140 என்று எழுதினால் ஆயுசு முழுக்க மாத்திரை ஆரம்பிக்க அதுவே காரணமாகலாம். 144-ஐ 140 ஆக்கினால், ‘பார்டர்தானே, அடுத்த முறை பார்ப்போம்’ என்று விட்டுவிடலாம். 2017-ல் அமெரிக்க இதயநல அமைப்புகள் எல்லையை 130/80-க்குக் கொண்டுவந்தன. அந்த எல்லையும் பூஜ்யத்தில்தான் முடிகிறது. எண்களை உருட்டும் கை நேராகப் போய் முட்டுவது அந்தக் கோட்டில்தான்.

கேள்வி கிடைத்த உற்சாகத்தில் செய்த முட்டாள்தனத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, நாங்கள் இரண்டு பேர் வார்டிலேயே அறுபது சார்ட்டுகளை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். நோயாளி பெயர், வயது, நோய் எல்லாம் தெளிவாகத் தெரியும் படங்கள். அவற்றை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். பெருமையாகப் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் முகம் மாறியது. அவர் முன்னாலேயே ஐந்து போன்களிலும் படங்களை அழித்தோம். அந்த அறுபதையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்றார். “முன் தேதியிட்டு அனுமதி கிடையாது. கேட்டுட்டு எடுத்தா ஆராய்ச்சி, எடுத்துட்டுக் கேட்டா திருட்டு” என்றார். திட்டு அத்துடன் முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவதில் யாருக்கு என்ன கெடுதல், இதற்கெல்லாம் ஒரு கமிட்டியா என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். பதிவேடுகளை மட்டும் பார்க்கும் ஆய்வுகளுக்கு, ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்று குழு விலக்கு அளிப்பது உண்டு. அதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும், ஆய்வு செய்பவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. மனிதர்கள்மேல் செய்யும் ஆய்வுகளுக்கு விதி வகுத்த 1947-ன் நியூரம்பெர்க் நெறிகளும் 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனமும் தேர்வுக்கு மனப்பாடம் செய்த வரிகளாகத்தான் எனக்கு இருந்தன, அந்தப் படங்களை அழிக்கும் வரை. டேனியல் கேரியன் கதையையும் எங்களுக்கு வீரக்கதையாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரு நாட்டு மருத்துவ மாணவர். 1885-ல் ஒரு நோயாளியின் தோல் கட்டியிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அதுவரை தனித்தனி என்று கருதப்பட்ட தோல் நோயும் கடும் காய்ச்சலும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று தெரிந்தது. அக்டோபர் 5 அன்று அதே காய்ச்சலில் இறந்துபோனார். நோய்க்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது அந்தக் கதையைப் படித்தால், அவரைப் பிடித்து உட்காரவைக்க ஒரு குழு இல்லாமல் போயிற்றே என்றுதான் தோன்றுகிறது.

அந்த ஆறு வாரத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் புள்ளியியல் துறைக்குப் போனது. அதுவும் பேராசிரியர் விரட்டியதால் போனது. தரவெல்லாம் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒருவரிடம் கொடுத்து, முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று எடைபோட உதவும் ‘பி வேல்யூ’ என்ற எண்ணை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் திட்டம். புள்ளியியல் மேதை ஃபிஷர் 1938-ல் கல்கத்தா மாநாட்டில் இதைத்தான் கிண்டலாகச் சொன்னார்: ஆய்வு முடிந்தபிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல, ஆய்வு எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும்.

எங்கள் புள்ளியியல் மேடம் கேட்ட முதல் கேள்வியே எங்களை உட்காரவைத்துவிட்டது. “வார்டில் இருப்பதெல்லாம் பாதரசக் கருவியா?” இல்லை, எலக்ட்ரானிக் கருவியும் ஒன்று இருந்தது. அதில் 123, 87 என்று ஒற்றைப்படை எண்ணும் வரும். ஐந்து கட்டங்கள் இப்போது பத்தாகிவிட்டன. எந்தக் கருவியில் எடுத்தது என்று சார்ட்டில் யாரும் எழுதுவதில்லை. அழகாக வரைந்த எங்கள் அட்டவணை இடிந்துபோனது. அவரே வழியும் சொன்னார். பூஜ்யத்தை மட்டும் எண்ணுங்கள். பாதரசக் கருவி என்றால் எதிர்பார்ப்பு 20 சதவீதம், எலக்ட்ரானிக் என்றால் 10. எல்லாமே பாதரசக் கருவியில் எடுத்தவை என்று தாராளமாக வைத்துக்கொண்டு 20-உடன் ஒப்பிடுங்கள். அப்படியும் மீறினால் உங்கள் வாதம் நிற்கும்.

எத்தனை சார்ட்டுகள் தேவை என்பதையும் அங்கேயே கணக்கிட்டோம். 400. எந்த 400 என்பதையும் அவர்தான் யோசிக்க வைத்தார். ரெக்கார்டு ரூமில் கைக்கு எட்டும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். கைக்கு எட்டுவது சமீபத்தில் வந்தது, மெலிசானது, சிக்கல் இல்லாதது. மாதக்கணக்கில் படுத்திருந்து இறந்துபோனவரின் கனத்த கட்டு மேல் அடுக்கில் இருக்கும். அதனால் அட்மிஷன் எண் வரிசையில் ஐந்துக்கு ஒன்று என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

எக்செல் கூத்து தனி. ஒருவன் 120/80 என்று ஒரே கட்டத்தில் அடித்தான். இன்னொருத்தி இரண்டு கட்டமாகப் பிரித்தாள். மூன்றாமவன் ‘120 / 80 (படுத்து)’ என்று எழுதினான். கணினிக்கு முதலும் மூன்றும் வெறும் எழுத்து. நானூறையும் உட்கார்ந்து பிரித்தோம். எக்செல் தானாக எதையாவது மாற்றிவிடும் என்ற பயமும் உண்டு. மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிய கதை தெரியும்தானே? ஒரு கட்டத்தில் ஓர் எண், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள் என்று தனித்தாளில் குறிப்பு, நோயாளி பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, அந்தக் குறியீட்டுப் பட்டியல் வேறொரு பூட்டிய இடத்தில். இதை முதல் நாளே செய்திருந்தால் எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சம். ஒரே சார்ட்டை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிட்டும் பார்த்தோம். நான் செய்த தவறுகள்தான் அதிகம். நான்தான் எல்லோரையும்விட வேகமாக அடிப்பவன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ராத்திரி. பட்டியலில் இருந்த 400-ல் 37 கேஸ் ஷீட்டுகள் கிடைக்கவில்லை. சிலவற்றில் சார்ட் பக்கம் மட்டும் கிழிந்துபோயிருந்தது, சில கட்டுகளே காணோம். மறுநாள் காலை பேராசிரியரிடம் தரவைக் காட்ட வேண்டும். மணி ஒன்று இருக்கும், ஹாஸ்டல் அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவன் சோம்பல் முறித்துக்கொண்டே, “விடுடா, அந்த முப்பத்தேழுக்கும் ஏதாவது போட்டுடலாம். யார் போய்ப் பார்க்கப் போறாங்க?” என்றான். நான் கீபோர்டை என் பக்கம் இழுத்துவிட்டேன். உண்மையாகவே இழுத்துவிட்டேன். முதல் கட்டத்தில் என் விரல் தானாக அடித்த எண் 120.

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு சிரிப்பு வந்தது, சங்கடமான சிரிப்பு. அந்த எண்ணை அழித்தேன். 37 வரிகளிலும் ‘கிடைக்கவில்லை’ என்று போட்டோம். ஒன்பதாவது படுக்கைக்கு அன்று காலை 120/80 எழுதியவர் யாரோ, அவர்மேல் எனக்கு இருந்த இளக்காரம் அன்றிரவோடு குறைந்தது.

மாணவர்கள் செய்யும் ஆய்வுகளில் இந்தக் கணம் வராத ஆய்வு அநேகமாக இருக்காது என்று நினைக்கிறேன். யாரும் வெளியே பேசுவதில்லை. பிடிபட மாட்டோம் என்ற நினைப்பும் சரியில்லை. மனிதர்கள் கற்பனையில் எழுதும் எண்கள், இயற்கையாக வரும் எண்களைப் போலச் சிதறுவதில்லை. 2012-ல் ஜான் கார்லைல் என்ற மயக்க மருந்து நிபுணர், ஜப்பானின் யோஷிதாக்கா ஃபூஜி வெளியிட்ட ஆய்வுகளின் எண் சிதறலை மட்டும் வைத்துக்கொண்டே, இவை இயல்பாக வந்திருக்கச் சாத்தியம் மிகமிகக் குறைவு என்று காட்டினார். ஃபூஜியின் 170-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நாங்கள் பிடிக்கப் புறப்பட்டதும் அதே வகைத் தடயத்தைத்தான். அன்றிரவு அதை நாங்களே பதிக்கப் பார்த்தோம்.

விடுபட்டதை அப்படியே காட்டியதில் கட்டுரைக்கு எந்தக் குறையும் வரவில்லை. எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு படம் போட்டோம். பிற்பாடு ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் படித்துச் சரிபார்த்த மதிப்பாய்வாளர் பாராட்டிய ஒரே இடம் அதுதான்.

முடிவு எதிர்பார்த்ததுதான். பாதிக்கு மேல் பூஜ்யம். வரைபடத்தில் முதல் கம்பம் மட்டும் கோபுரம் மாதிரி நின்றது. அதை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு, சொல்லப்போனால் கொஞ்சம் கெத்தாகவே, வார்டுக்குப் போய் மூத்த செவிலியர் ஒருவரிடம் காட்டினோம். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

“நாற்பது படுக்கை, தம்பி. ரெண்டு மிஷின். பாதரசத்துல காத்து லீக் ஆகுது. இன்னொண்ணு பேட்டரி போனா ரெண்டு நாள் ஆகும். ராத்திரிக்கு நாங்க ரெண்டு பேர். ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கணும். காலியா இருந்தா யாருக்குத் திட்டு விழும்னு நினைக்கிறீங்க?” என்றவர், லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, “அட்மிஷன் நோட்டுல உங்க டாக்டருங்க எழுதினதை எண்ணினீங்களா?” என்று கேட்டார்.

எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றவே இல்லை. குழுவிடம் திருத்தத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு அதே 363 கேஸ் ஷீட்டுகளில் மருத்துவர் குறிப்புகளையும் எண்ணினோம். அங்கேயும் அதே கோபுரம். கட்டுரையின் விவாதப் பகுதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். ‘செவிலியர்களுக்குப் பயிற்சி தேவை’ என்று முதல் வரைவில் ஒரு வாக்கியம் இருந்தது. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்த விவாதப் பகுதி என்னை மிகவும் படுத்தியது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட வேண்டும் என்று மாணவர்களுக்கு ஒரு துடிப்பு. பால் லாங்கர்ஹான்ஸ் என்ற பெர்லின் மாணவர் 1869-ல் கணையத்தில் தீவு தீவாகச் செல்கள் இருப்பதைத் தன் பட்ட ஆய்வேட்டில் விவரித்தார். அவை என்ன வேலை செய்கின்றன என்று தனக்குத் தெரியாது என்று அதிலேயே எழுதிவைத்தார். அதற்கு முந்தைய வருடம் தோலில் வேறு வகைச் செல்களைக் கண்டு, அவை நரம்பைச் சேர்ந்தவை என்று அடித்துச் சொல்லியிருந்தார். அது தவறு, அவை நோய் எதிர்ப்பாற்றலின் செல்கள் என்று தெரிய நூறு வருடம் ஆயிற்று. இரண்டு செல்களுக்கும் இன்று அவர் பெயர்தான். கண்ணால் கண்டதைச் சரியாக வரைந்திருந்தார், அதனால் விளக்கம் தவறிப்போனாலும் கண்டது நின்றது. நாங்களும் ‘இந்த ஆய்வால் காரணத்தைச் சொல்ல இயலாது’ என்று எழுதினோம், அரை மனதோடு.

பெயர் வரிசைச் சண்டை இல்லாமல் இருக்குமா? ஐந்து பேரில் ஒருவன் தேர்வுக்குப் பிறகு காணாமல் போனவன், கட்டுரை தயாரானதும் வந்துவிட்டான். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவது அல்லது ஆழமாகத் திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். நான்காவதைச் சொன்னதும் நண்பன் தானாகவே விலகிக்கொண்டான். ஆனாலும் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. தொடங்கிய அன்றே ஒரு தாளில் யார் என்ன செய்வது, யார் பெயர் எங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவனை இழந்திருக்க மாட்டேன். இது மாணவர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினின் தொடக்கம் 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர் ஜே மெக்லீன் கண்ட ஒரு வினோதத்தில் இருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப்போனவர், உறையவிடாத பொருளைக் கண்டார். பெயர் வைத்ததும் தொடர்ந்து ஆராய்ந்ததும் அவருடைய வழிகாட்டி ஹவல். கண்டுபிடித்தது நான்தான் என்று மெக்லீன் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொல்லவேண்டியிருந்தது. பேஜட்டின் புழுவை விவரித்துப் பெயரிட்டுக் கட்டுரை வெளியிட்டதும் ரிச்சர்ட் ஓவன் என்ற பெரியவர்தான்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். நீங்கள் அனுப்பிய வரைவை எத்தனை நாளில் படித்துத் தருவார் என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். 1906 கோடையில் மார்ட்டின் ஃப்ளாக் என்ற மாணவர், உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத் சைக்கிள் சவாரி முடித்து வீடு திரும்பிய மாலையில், எலி மாதிரி இருக்கும் வளைவாழ் பிராணியான மோலின் இதயத்தில் தான் கண்ட வினோதத் திசுவைக் காட்டினார். இதயத் துடிப்பு தொடங்கும் இடம் அது, சைனோ ஏட்ரியல் கணு. களைத்து வந்த கீத், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை, உட்கார்ந்து பார்த்தார். மறு வருடம் இரண்டு பெயரோடும் கட்டுரை வந்தது. எனக்கு வாய்த்தவரும் அப்படி ஒருவர்.

அனுப்பும் படலம் அலுப்பானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் முழுதாகத் தேடிப் படித்தோம், கடைசி இலக்க விருப்பம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது. தேடல் முதலில் வந்திருக்க வேண்டும். “கேள்வி பழசுதான், இந்த வார்டு புதுசு” என்று பேராசிரியர் தேற்றினார். முதல் ஆய்விதழ் இரண்டே நாளில் நிராகரித்தது. இரண்டாவது மூன்று மாதம் வைத்திருந்து நிராகரித்தது, ஆனால் மதிப்பாய்வாளர் இரண்டு பக்கம் குறிப்பு எழுதியிருந்தார். அந்த இரண்டு பக்கத்துக்காகவே அந்த நிராகரிப்பு எனக்குப் பிடிக்கும். சிகிச்சை எதுவும் கொடுக்காமல் கவனித்து மட்டும் செய்யும் ஆய்வுகளை எப்படி எழுதுவது என்று 2007-ல் வந்த ஸ்ட்ரோப் பட்டியலில் 22 அம்சங்கள் உண்டு, அதை எழுதத் தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

இதற்கிடையில் ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று எனக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. நான்கு நாளில் பிரசுரம், கட்டணம் மட்டும் செலுத்தவும். மூன்றாம் ஆண்டு மாணவனைப் பேராசிரியர் என்று அழைக்கும் இதழுக்கு எல்லோரும் பேராசிரியர்தான். வேறு குழுவில் ஒரு தோழி பணம் கட்டிவிட்டாள். பிறகு விசாரித்தால், ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒருவருக்கு அப்படி ஓர் இதழ் இருப்பதே தெரியாது. கட்டுரையைத் திரும்பக் கேட்டதற்கு இன்னொரு கட்டணம் கேட்டார்கள். இதழின் இணையதளம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாமல், மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் நீங்களே போய் அந்த இதழ் பெயரைத் தேடுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்தில் அதில் வந்த கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். ஒரு பத்தி தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

மூன்றாவது இதழ் சிறு அறிக்கையாக ஏற்றுக்கொண்டது. ஒன்றரைப் பக்கம். மாநாட்டில் போஸ்டராகவும் வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புப் பலகை மாதிரி தெரியும் அளவுக்கு எழுத்தை அடைத்திருந்தோம், யாரும் நிற்கவில்லை. நின்ற ஒரே ஒரு பெரியவர் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு, “சரி, இதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?” என்றார். ஒன்றும் செய்யவில்லை.

திரும்பி வந்து செய்தோம். எங்கள் வரைபடத்தைக் காட்டிப் பேராசிரியர் வார்டுக்கு மேலும் இரண்டு கருவிகள் வாங்கித் தந்தார். ஒரு மாதம் கழித்து எண்ணியபோது பூஜ்யங்கள் நன்றாகக் குறைந்திருந்தன. நான்கு மாதம் கழித்து எண்ணியபோது பாதித் தூரம் திரும்பி ஏறியிருந்தன. நாங்கள் எண்ணுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்த மாதம் ஒரு மாதிரி, மறந்துபோன மாதம் ஒரு மாதிரி. இந்த இரண்டாவது எண்ணிக்கையை நாங்கள் எங்கேயும் வெளியிடவில்லை. என் விண்ணப்பங்களில் ‘ஆய்வுச் சாதனைகள்’ என்ற இடத்தில் அந்த ஒன்றரைப் பக்கம் மட்டுமே இருக்கிறது.

சிஸ்டரின் பெயர் கட்டுரையின் நன்றி வரியில் இருக்கிறது. அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயரை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய ஷிஃப்டில் பி.பி. எடுக்க முடியாத படுக்கைகளுக்கு எண் எழுதுவதில்லை, சின்னதாக ஒரு கோடு போட்டுவிடுவார். அடுத்த வாரம் ரவுண்ட்ஸில் அப்படி மூன்று கோடுகளைப் பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர், எல்லோர் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டார். நான் மாணவர் வரிசையில் மூன்றாவதாக, கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.